கடைசிச் சுற்றில் ஒரு பெயர்

ஸ்டான்லி சார் பட்டியலை இசைவாணியின் பக்கம் தள்ளி, "கடைசி ரவுண்டு உன்னோடதும்மா. நீ யாரைச் சொல்றியோ அவதான்" என்றபோது அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. மதுரை மகளிர் கூடைப்பந்து அணிக்கு அவர் தலைமைப் பயிற்சியாளர். அவள் உதவிப் பயிற்சியாளர். லீக் தொடங்கி இது இரண்டாவது வருடம். ஆட விரும்புகிறவர்கள் முன்கூட்டியே பெயர் கொடுத்துவிட வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை எட்டு அணிக்காரர்களும் சென்னையில் ஒரு ஓட்டலில் உட்கார்ந்து, முறை வைத்து ஒவ்வொருவராக எடுப்பார்கள். டிராஃப்ட் என்று அதற்குப் பெயர்; டிவியிலும் காட்டுவார்கள். நான்கு சுற்று. நான்காவதில் சுற்றுவட்டாரப் பெண் ஒருத்தியை எடுப்பதென்று மதுரை அணி முடிவு செய்திருந்தது. பட்டியலில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஒட்டன்சத்திரம் ஆனந்தி, வயது பத்தொன்பது. திண்டுக்கல் பேகம்பூர் ஹாஃபிஸா, முப்பத்தொன்று.

ஹாஃபிஸாவின் பெயரைப் பார்த்ததும் இசைவாணிக்குச் சிரிப்பு வந்தது. 'பேரு குடுத்தேபுட்டாளா!'

ஒன்பதாம் வகுப்பிலிருந்து பத்து வருடம் இருவரும் ஒரே அணியில் ஆடியவர்கள். இசைவாணி நிலக்கோட்டையிலிருந்து முதல் பஸ்ஸில், பூ மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டு திண்டுக்கல் மைதானத்துக்கு வந்து சேர்வாள். அவளுக்கு முன்பே ஹாஃபிஸா வந்து கூடையைப் பார்த்துப் பந்தை எறிந்துகொண்டிருப்பாள். ஆட்டத்தில் இசைவாணி திரும்பிப் பார்க்காமலே பந்தைக் கொடுப்பாள்; வாங்க ஹாஃபிஸா அங்கே இருப்பாள். இருபத்துநான்கு வயதில் ஒரு மாநிலப் போட்டியில் ஹாஃபிஸாவின் இடது முழங்கால் தசைநார் கிழிந்தது. ஆபரேஷன், கல்யாணம், குழந்தை என்று ஐந்து வருடம் பந்தைத் தொடாமல் இருந்தாள். பிறகு தானாகவே மெல்ல மறுபடி ஆரம்பித்தாள்.

ஏப்ரலில் ஹாஃபிஸாவின் நாத்தனார் கல்யாணம். பிரியாணிப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது இசைவாணி சொன்னாள்: "நீ லீக்ல பேரு குடுடி. நான் அங்கனதான இருக்கேன், பாத்துக்கறேன்." கை கழுவி எழுந்தபோதே அதை மறந்துவிட்டாள்.

ஆகஸ்டில், டிராஃப்டுக்கு முந்தைய புதன்கிழமை காலை, ஹாஃபிஸாவையும் ஆனந்தியையும் திண்டுக்கல் மைதானத்துக்கு வரச் சொன்னாள். மூன்று புள்ளிக் கோட்டிலிருந்து ஆளுக்கு ஐம்பது பந்து. ஹாஃபிஸா முப்பத்தெட்டு போட்டாள், ஆனந்தி இருபத்துநாலு. ஆனந்தி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றாள். அதுவரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

அடுத்தது நான்கு கூம்புகளைச் சுற்றி முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் ஓடுவது. ஆனந்தி பதினொன்றரை நொடியில் முடித்தாள். ஹாஃபிஸாவுக்குப் பதிமூன்று புள்ளி நான்கு. பிறகு ஆனந்தி பந்தோடு வர, ஹாஃபிஸா மறிக்க வேண்டும். மூன்று தடவையும் ஆனந்தி இடது பக்கமாகவே கடந்து போனாள். மூன்றாவது தடவை ஹாஃபிஸாவின் உடம்பு திரும்பியது, கால் வரவில்லை. முழங்காலைப் பிடித்துக் குனிந்தபடி சிரித்தாள்.

"சுத்தி ஓடுனதுக்கு எம்புட்டுடி வந்துச்சு?"

இசைவாணி ஸ்டாப் வாட்சைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். "பரவால்ல. பன்னெண்டுகிட்ட."

சொன்ன பொய்யைக் காப்பாற்ற, தாளிலும் 12.1 என்றே எழுதினாள்.

மதியம் பேகம்பூரில் ஹாஃபிஸா வீட்டில் சாப்பாடு. ஹாஃபிஸாவின் கணவன் நியாஸ் தோல் பை கடை வைத்திருந்தான். மனைவியின் தோழிக்காகக் கடையைப் பூட்டிவிட்டு வந்து அவனே பரிமாறினான்.

"நல்லாச் சாப்பிடுங்கம்மா. ஸ்கூல் வேலைய விட்டதுலேருந்து இவ யாருக்கும் இம்புட்டு வெஞ்சனம் வச்சதில்ல."

"எந்த வேலைய?"

"பி.டி. டீச்சர் வேலையத்தான். உங்ககிட்ட சொல்லலையா? ஜூன்லயே விட்டுட்டா. காலையிலயும் சாயங்காலமும் பிராக்டிஸ், நடுவுல ஸ்கூலுக்கு ஆத்தூர் வரைக்கும் போய்ட்டு வரணும், காலு தாங்கல. நான்கூட யோசிச்சேன். 'இசை சொல்லிருக்கா'ன்னா. அதுக்கு மேல நான் என்னத்தப் பேச?"

நெய்ச்சோற்றை அள்ளிய கையை இசைவாணி தட்டிலேயே வைத்துவிட்டாள்.

அடுப்படியிலிருந்து ஹாஃபிஸா குரல் கொடுத்தாள். "அவகிட்ட எதுக்கு இதெல்லாம் சொல்றீக? தாளிச்சாவ ஊத்துங்க."

ஆறு வயது மகள் பாத்திமா வந்து இசைவாணியின் தோளில் சாய்ந்தாள். "ஆன்ட்டி, அம்மா பேரு டிவில வருமா?"

"பாப்பம்டா" என்றாள் இசைவாணி.

இடையில் மூன்று நாள் இருந்தது. எத்தனையோ முறை போனை எடுத்தாள். இன்னும் முடிவாகவில்லையே, முடிவாகாததை எப்படிச் சொல்வது என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டாள். சனிக்கிழமை சென்னை ரயிலில் ஹாஃபிஸாவின் எண்ணைத் திறந்து, 'சாப்டியாடி' என்று மட்டும் அனுப்பினாள். 'நீ டென்சன் ஆகாம இருடி' என்று பதில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மூன்று சுற்று நினைத்தபடியே முடிந்தது. நான்காவதில் மதுரையின் முறை வந்ததும் மேடையில் தொண்ணூறு நொடிக் கடிகாரம் ஓட ஆரம்பித்தது. ஸ்டான்லி சார் அவள் எழுதிய தாளைப் பார்த்தார்.

"ஹாஃபிஸா பன்னெண்டு புள்ளி ஒண்ணா? அந்தக் காலோடயா? கை வேற அப்படியே இருக்கு. அப்புறம் என்னம்மா, அவளையே எடுத்துருவோம்."

ஒரு தலையசைப்பு போதும். ஆனால் இசைவாணியின் கண்ணுக்குள் அந்த மூன்றாவது தடவைதான் வந்தது. முதல் ஆட்டத்திலேயே எதிரணிக்காரிகள் அந்த இடது பக்கத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பிறகு ஒவ்வொரு ஆட்டத்திலும் அந்தப் பக்கமாகவே வருவார்கள். ஆயிரம் பேர் பார்க்க அந்தக் கால் மறுபடி போகும்.

"சார், அந்த நேரம் தப்பு."

"என்ன தப்பு?"

"நான்தான் மாத்தி எழுதுனேன். பதிமூணு புள்ளி நாலு."

அவர் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும். கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "பேரைச் சொல்லு" என்றார்.

"ஆனந்தி."

மேடையில் அறிவித்துக் கை தட்டி முடிப்பதற்குள் ஆனந்தி போனில் வந்துவிட்டாள். "அக்கா, நெசமாத்தானுங்களா? அக்கா..." என்று அழுதாள். அவளை வாழ்த்திப் போனை வைத்த பிறகு ஹாஃபிஸாவைக் கூப்பிட்டாள் இசைவாணி. மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

மறுநாள் நேராகப் பேகம்பூருக்குப் போனாள். ஹாஃபிஸாதான் கதவைத் திறந்தாள். உட்காரச் சொன்னாள். நாற்காலிகள் இன்னும் டிவியைப் பார்த்தபடியே போட்டிருந்தன.

"ஆனந்தி நல்லா ஆடும்" என்று ஹாஃபிஸாவே ஆரம்பித்தாள். "நானா இருந்தாலும் அதத்தான் எடுத்துருப்பேன்."

"ஹாஃபி..."

"என் காலு எனக்குத் தெரியாதாடி? நீ வாட்ச்ச பையில போட்டப்பவே தெரிஞ்சுச்சு. பன்னெண்டுன்னு சொன்ன. நீ எங்கிட்ட பொய் சொல்ல மாட்டியேன்னு, நாந்தான் வீணாப் பயப்படுறேன்னு நெனச்சுக்கிட்டேன்."

இசைவாணி காலியாகக் கிடந்த நாற்காலிகளைப் பார்த்தாள்.

"மாமியா, நாத்தனா, பக்கத்து வீட்டுக்காரவுகன்னு பதினேழு பேரு இங்க உக்காந்திருந்தாக. நாலாவது ரவுண்டு வந்ததும் பாத்திமா எல்லாத்தையும் சத்தம் போடாதீகன்னு அதட்டுறா. முடிஞ்சதும் ஒவ்வொருத்தரா எந்திரிச்சு ஒண்ணும் பேசாமப் போனாக. இவ மட்டும் டிவிக்கிட்டயே நின்னுக்கிட்டு, 'இன்னும் சொல்லுவாங்கம்மா, செத்த நேரம் இரும்மா'ங்கிறா." ஹாஃபிஸாவின் குரல் அங்கே உடைந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஒரு போன் போட்ருக்கலாம்லடி. புதன்கிழமையே சொல்லிருந்தா நான் டிவியவே போட்ருக்க மாட்டேன்."

"பயமா இருந்துச்சுடி."

"என்னத்துக்குப் பயம்?"

"என்னைய வெறுத்துருவியோன்னு."

வெளியே ஐஸ் வண்டிக்காரன் மணியடித்துக்கொண்டு போனான். ஸ்கூலில் தான் வந்து பேசிப் பார்ப்பதாக இசைவாணி சொன்னாள். "வேணாம். அங்க வேற ஆளு போட்டாச்சு" என்று எழுந்துவிட்டாள் ஹாஃபிஸா. வாசல் வரை வந்தாள். எப்போதும் தெருமுனை வரை வருகிறவள்.

அந்த வருடம் மதுரை அணி அரையிறுதி வரை போனது. ஏழாவது ஆட்டத்திலிருந்து ஆனந்தி முதல் ஐவரில் ஒருத்தியாக இறங்கினாள். இசைவாணிக்குப் பொறுக்கியெடுக்கத் தெரிந்த கண் என்று பத்திரிகையில் எழுதினார்கள். அந்த வரியை அவளால் ஒரு தடவைக்கு மேல் படிக்க முடியவில்லை. திண்டுக்கல் போய்விட்டு வந்த ஆனந்தி, ஹாஃபிஸா அக்கா இப்போது மைதானத்துப் பக்கமே வருவதில்லை, கடையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றாள்.

ரமலான் பெருநாளன்று தயங்கித் தயங்கித்தான் இசைவாணி அழைத்தாள். இரண்டாவது மணியிலேயே ஹாஃபிஸா எடுத்தாள். குரலில் கோபமே இல்லை.

"நல்லா இருக்கீங்களா? அம்மா நல்லா இருக்காங்களா? உங்க டீம் மேட்ச்செல்லாம் அவரு பாத்தாரு, நல்லா ஆடுனீங்கன்னு சொன்னாரு. இந்தப் பக்கம் வந்தா வீட்டுக்கு வாங்க."

பதினேழு வருடத்தில் முதல் தடவையாக வந்த அந்த மரியாதையை எந்த வார்த்தையால் தட்டிவிடுவதென்று இசைவாணி தேடினாள். 'என்னடி இது' என்று நாக்கு நுனி வரை வந்தது.

"சரிங்க, வாரேன்" என்று சொல்லி போனை வைத்தாள்.