எதிர்வரிசைப் பெரியவர் கேட்ட குறை

கீழ்வானில் எழுந்த கதிரவன் இரவெல்லாம் பெய்த மழையின் ஈரத்தைக் கூரைதோறும் உலர்த்த, கடைக்கதவுகள் ஒவ்வொன்றாய்த் திறக்க, பள்ளி செல்லும் சிறாரின் ஆரவாரமும் பணி செல்வோரின் விரைநடையும் ஒன்று கலந்து, கரைபுரண்ட வெள்ளமெனத் தெருக்கள் நிறைந்து வழியும் காலைப்பொழுது. நகரை இருகூறாக்கி ஓடும் கால்வாயின் கரையில், மரநிழல் போர்த்து அமைதியாய் நின்ற முதியோர் இல்லத்தினுள், குடையை மடக்கியவாறு நுழைந்தார் நகர்மன்ற உறுப்பினராகிய அம்மையார் ஒருவர்.

ஊரார் அவரை 'வாய்க்கால் அக்கா' என்றே அழைப்பர். மன்றத்தில் இடம்பெறுமுன்னரே, நீர் தேங்கிய தெருக்களில் முழங்காற் சேற்றில் இறங்கி, அண்டை அயலாரைக் கூவியழைத்து அடைப்பு நீக்கியதால் வந்த பெயர் அது. உறுப்பினரான பின்னும், கிழமைதோறும் இங்கு வந்து கைந்நடுக்கமுற்ற முதியோர்க்கு உணவூட்டும் பணியை அவர் கைவிட்டாரில்லை.

அன்று செவிலி கவலை தோய்ந்த முகத்தோடு எதிர்கொண்டாள்.

"அக்கா, புதுசா ஒருத்தர் வந்திருக்கார். நேத்துலேருந்து ஒரு வாய் கஞ்சி இறங்கல. குறை சொல்ல ஜனங்க வெளியில நிக்கிறாங்களாம். அவங்களைப் பார்க்காம சாப்பிட மாட்டாராம்."

அறையினுள் நோக்கிய அம்மையார் திகைத்து நின்றார். சாளரத்தருகே நிமிர்ந்து அமர்ந்திருந்தவர், மன்றத்தின் எதிர்வரிசையில் நெடுங்காலம் வீற்றிருந்து, அம்மையாரின் முன்மொழிவுகளையெல்லாம் சொல்லம்பால் துளைத்து வீழ்த்திய பெரியவரே. 'முட்டுக்கட்டையார்' என்று அவருக்குப் பெயர் சூட்டி மன்றத்தையே நகைக்க வைத்தவரும் இவ்வம்மையாரே. தேய்பிறையென நினைவு குறைந்துபோன அம்முதியவர்க்கு, தம் பொறுப்பு நீங்கியதும் தெரியவில்லை. எதிரில் நிற்பவர் யாரென்பதும் விளங்கவில்லை.

"வாங்கம்மா, உட்காருங்க. என்ன குறை, தயங்காம சொல்லுங்க."

பொய்யுரைத்து அவரை ஏய்க்க அம்மையாரின் உள்ளம் ஒப்பவில்லை. ஆதலின் தம் நெஞ்சில் முள்ளாய்த் தைத்திருந்த மெய்க்குறையையே சொன்னார்.

"கால்வாய்க்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைங்க ஒத்தப் பலகை மேல நடந்துதான் பள்ளிக்கூடம் வராங்க ஐயா. மழை பெஞ்சா வழுக்குது. ஒரு சின்ன நடைபாலம் வேணும்."

பன்முறை அம்முதியவரே மன்றத்தில் தடுத்து நிறுத்திய பாலம் அது. பெரியவர் நெற்றி சுருக்கி எண்ணமிட்டார்.

"செய்யணும்மா. ஆனா நான் மட்டும் சொன்னா நடக்காது. எதிர்ப்பக்கம் ஒரு அம்மா இருக்காங்க. வாய் கொஞ்சம் நீளம், என்னைக் கண்டாலே ஆகாது. ஆனா சேத்துல இறங்கணும்னா முதல் ஆளா அவங்கதான் இறங்குவாங்க. காலைப் பிடிச்சாவது அவங்களைச் சம்மதிக்க வச்சிடறேன்."

அம்மையார் கஞ்சிக்கிண்ணத்தைக் கையில் எடுத்தார். நேருக்கு நேர் ஒருநாளும் கேட்டறியாத நற்சொல்லை, தம்மை அறியாதவர் வாயினின்று கேட்க நேர்ந்ததே என்று கண் பனித்தார்.

"கேளுங்க ஐயா, ஒத்துக்குவாங்க. இப்ப கொஞ்சம் சாப்பிடுங்க. மத்தவங்க காத்திருப்பாங்க."

குஞ்சுப்பறவை அலகு திறப்பதுபோல் வாய் திறந்தார் பெரியவர்.

அடுத்த மன்றக் கூட்டத்தில் அம்மையார் எழுந்தார். எதிர்வரிசையினர் வழக்கம்போல் மறுக்க முனைகையில், "இந்தப் பாலத்தை நான் கேட்கல. உங்க பெரியவர் முடிச்சுத் தரேன்னு சொன்னது" என்று தொடங்கி, இல்லத்தில் நிகழ்ந்ததை ஒளிவின்றி உரைத்தார். முதலில் நகைத்தோர் பின்பு தலைகுனிந்தனர். அவர்தம் கைகள் ஒவ்வொன்றாய் உயர்ந்தன.

அடுத்த மழைக்காலத்துக்கு முன்னரே பாலம் எழுந்தது. சிறார் அதன்மேல் நடந்த முதற்காலையில், அருகிருந்து அவர்களைப் பாலம் கடக்கச் செய்துவிட்டு, சேறு படிந்த கால்களோடு இல்லத்துக்கு ஓடிவந்து செய்தி சொன்னார் அம்மையார். எந்தப் பாலம் என்பது பெரியவர்க்கு நினைவில் எழவில்லை. ஆயினும் சோர்ந்திருந்த அம்மையாரின் முகத்தைக் கூர்ந்து நோக்கினார். தம் கிண்ணத்தை மெல்ல அவர்புறம் தள்ளினார்.

"காலையிலேருந்து அலைஞ்சிருக்கீங்க போல. நீங்க சாப்பிட்டீங்களா?"

எத்தனையோ பேரின் பசியாற்றிய அவ்வம்மையாரை, அவ்வாறு வினவியோர் அந்நகரில் எவருமிலர்.

"இல்லங்க ஐயா," என்றார் மெல்ல.

"அப்ப பாதி எடுத்துக்கோங்க."

ஒரே கிண்ணத்தில் இருவரும் உண்டனர். கட்சியும் வரிசையும், பெயரும் முகமும் ஒவ்வொன்றாய் உதிர்ந்த பின்னரும், பிறர் பசியறியும் பழக்கம் ஒன்று அம்முதிய நெஞ்சில் உதிராது நின்றது. பொதுவாழ்வில் ஒருவர் ஈட்டுவன பலவற்றுள், இறுதிவரை உடன்வருவது அதுவே போலும்.