ஆண்டாயியின் இடது கண்

1

இந்தக் கதை ஒரு ஃபிளெக்ஸ் தட்டியிலிருந்து வந்தது. வேப்பந்தட்டை சாலையில் பஸ் ஜன்னல் வழியே பார்த்தேன். கண்ணீர் அஞ்சலி, ஓர் அம்மாளின் முகம். பஸ் நெருங்கியதும் முகம் காணாமல் போய் வெறும் புள்ளிகளாகிவிட்டது. திக்கென்றது. மீதியெல்லாம் நானே இட்டுக்கட்டியது.

முதல் வரி இப்படி: ‘ஆண்டாயி தன் இரண்டு கண்களாலும் சிரித்தபடி’

(பாதியில் விட்டுவிட்டேன். கோடு போட்டு அடிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும். இந்த வரியால் எனக்கு அவமானம் வரப்போகிறது.)

2

மலர்கொடி பெரம்பலூரில் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் டிசைனர். (முதலில் அவளைச் சோகமானவளாக எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. வேலையில் கெட்டிக்காரி, கொஞ்சம் கர்வமும் உண்டு.) ராசாங்கம் செத்துப்போன தன் அம்மா ஆண்டாயியின் ஒரே படத்தோடு வந்தான். பழைய வாக்காளர் அட்டையில் கட்டைவிரல் நகம் அளவுக்கு இருந்தது. நாளைக்குக் கருமாதி. ஆறடித் தட்டி வேண்டும்.

தட்டியில் போடும் பெயரில் சிக்கலில்லை. எழுத்தைக் கம்ப்யூட்டர் கோடும் வளைவுமாக வைத்திருக்கிறது, எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்பு உடையாது. அச்சடிக்கும் மெஷின் கடைசியில்தான் அதைப் புள்ளியாக்கும். படமோ சின்னச் சின்ன நிறக் கட்டங்களால் ஆனது, பெரிதாக்கினால் கட்டம்தான் பெரிதாகும். தவிர, அந்த மெஷினிடம் மாநிறம் என்று ஒரு மையே கிடையாது. நீலம், ரோஸ், மஞ்சள், கறுப்பு என நாலு மையைத் துளித்துளியாகத் தெளிக்கும். எட்டி நின்று பார்க்கிற நம் கண்தான் அவற்றைக் கலந்து, அம்மா என்கிறது.

மலர்கொடி திரையில் பெரிதாக்கினாள். கலங்கிய கட்டங்கள்தான் தெரிந்தன. படத்தைத் தெளிவாக்கும் ஆப் ஒன்றில் போட்டாள். பத்தே நொடியில் பளிச்சென்று ஒரு முகம் வந்தது. அவளுக்கே பெருமையாக இருந்தது. அப்படியே மெஷினுக்கு அனுப்பிவிட்டாள். (ராசாங்கத்திடம் ஒருமுறை காட்டியிருக்கலாம். காட்டியிருந்தால் எனக்குக் கதை இல்லை.)

3

சாயங்காலம் ராசாங்கம் தங்கை தேவயானியோடு வந்தான். தட்டியை விரித்ததும் இரண்டடி பின்னால் போனான்.

“எங்கம்மாவுக்கு எடது கண்ணு கெடையாதுங்க. காட்டுல காஞ்ச பருத்திமாரு குச்சி குத்தி, நான் பொறக்கறதுக்கு முன்னாடியே போயிருச்சு. இந்தக் கண்ணு எங்கேருந்துங்க வந்துச்சு?”

மலர்கொடி வாக்காளர் அட்டையை மறுபடி வாங்கிப் பார்த்தாள். அட்டையில் இருந்த மூடிய இமையை அவள் நிழல் என்று நினைத்திருந்தாள். இல்லாத கண் இப்போது ஈரப் பளபளப்போடு அவளையே பார்த்தது.

நானும் அதே தப்பைச் செய்திருக்கிறேன். முதல் வரியைப் போய்ப் பாருங்கள். எந்த ஆப்பும் இல்லாமல் நானே ஆண்டாயிக்கு இரண்டு கண் வைத்திருக்கிறேன்.

“மன்னிச்சிருங்கண்ணே. இருக்கற படத்தையே அடிச்சுத் தரேன். கிட்டக்கப் பாத்தா ஒண்ணும் புரியாது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னா அம்மா தெரிவாங்க.”

அரை மணியில் இரண்டாவது தட்டியும் வந்தது. கலங்கல்தான், ஆனால் இமை மூடியிருந்தது. ராசாங்கம் அதைச் சுருட்டக் குனிந்தான். தேவயானி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வேணாண்ணே. கண்ணு தொறந்துருக்கறதையே மாட்டு. ஒரு தடவையாச்சும் அம்மா நம்மள ரெண்டு கண்ணாலயும் பாக்கட்டும்.”

4

‘ராசாங்கம் அழுதுகொண்டே’

(இல்லை. அவன் அழவில்லை. இரண்டையும் வாங்கிக்கொண்டு போனான்.)

இதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை. பஸ்ஸிலிருந்து பார்த்த தட்டியில் எத்தனை கண் என்றும் நான் கவனிக்கவில்லை. விடிந்துவிட்டது, கருமாதிக்குச் சொந்தக்காரர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். ராசாங்கம் கயிறோடு ஏணியில் ஏறிவிட்டான். கீழே இரண்டு தட்டிகளும் சுருட்டிக் கிடக்கின்றன. பக்கத்தில் நிற்பது நீங்கள்தான். எதை எடுத்துக் கொடுக்கிறீர்கள்?