ஐந்தாம் குழிக்குப் பத்து நாள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: உங்களை அழவைக்கத்தான் இந்தக் கதையைத் தொடங்கினேன். ஞாயிறு பதிப்புக்குத் தோட்டத்துக் கதை ஒன்று வேண்டும், "கொஞ்சம் சோகமா இருந்தா நல்லது" என்று ஆசிரியர் சொல்லியிருந்தார். எனக்கும் சோகம் சுலபமாக வரும்.

ஈப்போ பக்கம் சிலிபினில் எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளிச் சவரிநாதன் அண்ணனும் கத்தரின் அக்காவும் இருக்கிறார்கள். முன்பு தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்தவர்கள். ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு அங்கே கோல்ப் விடுதி கட்டியபோது, புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சும் வேலை அண்ணனுக்குக் கிடைத்தது. எண்பத்து மூன்றில் மழை ஏமாற்றிய சமயம் அந்த வேலை போகப் பார்த்தது என்று கேள்விப்பட்டிருந்தேன். போதாதா? நோட்டை எடுத்துக்கொண்டு போனேன்.

அக்கா தேத்தண்ணி கொடுத்தார். விஷயத்தைக் கேட்டதும் வாய்விட்டுச் சிரித்தார். என் சோகக்கதை அங்கேயே கெட்டுப்போயிற்று.

2

தொடக்கங்கள்.

'வெடித்துக் கிடந்த பூமியைப் பார்த்து நெடுமூச்செறிந்த சவரிநாதன்...'

அடித்துவிட்டேன். பூமி வெடிக்கவே இல்லை. ஊரெல்லாம் காய்ந்து கிடக்க, அவர் திடல் மட்டும் பச்சைப்பசேலென்று இருந்தது. பிரச்சினையே அதுதான்.

'அன்று அந்த லயத்தில் சொட்டிய ஒரே நீர், கத்தரினின் கண்ணிலிருந்து...'

இதைப் படித்துக் காட்டினேன். "நானா அழுதேன்? அவர அழ வைக்காம விட்டதே பெருசு லா" என்றார் அக்கா. இதுவும் போயிற்று.

சரி, நடந்ததையே சொல்லிவிடுகிறேன்.

குன்றின்மேல் ஒரே ஒரு தண்ணீர்த் தொட்டி. அதிலிருந்து இறங்கும் குழாய் கீழே இரண்டாகப் பிரியும். ஒன்று விடுதிக்கு, மற்றது பழைய தோட்டத்து ஆட்கள் இன்னும் குடியிருந்த லயத்துக்கு. பகல் பதினொரு மணிக்குச் சவரி அண்ணன் திடலில் ஸ்பிரிங்கிளரைத் திறந்துவிடுவார். பதினைந்து இடத்தில் தண்ணீர் குடை விரித்துச் சுழலும். அதே நிமிஷம் லயத்துக் குழாய்கள் இருமும். பிறகு அதுவும் நின்றுபோகும். மூன்று மணிக்கு அவர் மூடும்போது தொட்டியில் தண்ணீர் இருக்காது.

ஆக, மனைவி தூக்கும் குடத்தைக் காலியாக்கியவர் சொந்தப் புருஷன். ஒரு நாள் சாயங்காலம் அவர் வேலை முடிந்து வந்தபோது, அக்கா ஒரு காலி வாளியை வாசலில் வைத்தார்.

"குளிக்கத் தண்ணி எங்க?"

"உங்க புல்லு குளிச்சிருச்சுல்ல? நாளைக்கு அதுகூடப் போயி நில்லுங்க."

மூன்று நாள் இப்படியே நடந்தது. நான்காம் நாள் அண்ணன் நிஜமாகவே ஸ்பிரிங்கிளருக்கு அடியில் சட்டையோடு நின்று குளித்துவிட்டு, விசிலடித்துக்கொண்டு வந்தார். (இங்கே ஒரு பத்தி மனவேதனை எழுதி வைத்திருந்தேன். விசிலடிக்கிற ஆளுக்கு அதை எங்கே சொருகுவது?)

3

அப்படிக் குளித்தபோதுதான் அவர் ஒன்றைக் கவனித்தார். உடம்பில் பாதிதான் நனைந்தது. பகல் காற்று மீதித் தண்ணீரை எங்கேயோ கொண்டுபோயிற்று. வீட்டில் வந்து சொன்னார்.

"எங்க போவுது?" என்றார் அக்கா.

"காத்துல."

"காத்துலன்னா? எறங்கித்தானே ஆகணும். பாத்துருவோம்."

லயத்து அடுப்படிகளிலும் காப்பிக் கடையிலும் கேட்டு, நாற்பது காலிப் பால் டின்களைச் சேர்த்தார்.* மறுநாள், பந்து விழவேண்டிய குழிகளில் ஐந்தாவதற்குப் போகும் புல்வெளியில் நான்கு வரிசையாக வைத்தார்கள். ஒரு வரிசை நீண்டுபோய்ச் சிமெண்டு சாலையில் முடிந்தது. அரை மணி நேரம் ஸ்பிரிங்கிளர் ஓடியது. நடுவில் இருந்த டின்கள் வழிந்தன. காற்று வரும் பக்கத்து ஓர டின்களில் ஒரு விரல் ஆழம்கூட இல்லை. சாலையில் இருந்த மூன்று டின்னும் கழுத்துவரை நிறைந்திருந்தன.

* அண்ணன் கணக்கில் முப்பத்தாறு. கதைக்கு நாற்பது நன்றாக இருக்கிறது.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் ஜெயபாலன் வந்தார்.

4

ஜெயபாலனைப் பற்றி ஒரு சந்தேகம். அவருக்கு நான் முறுக்கு மீசையும் சிவந்த கண்ணும் கொடுத்திருந்தேன். சவரி அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "அவரு மோசமில்ல லா. மேல இருக்கிறவனுக்குப் பயந்தவரு. நம்மள மாதிரி வேலையக் காப்பாத்திக்கிட்டவரு." மீசையை எடுத்துவிட்டேன். மீசை இல்லாத ஜெயபாலன் கத்துகிறார்:

"இது கோல்ப் திடலா, காப்பிக் கடை பின்கட்டா? டின்ன எல்லாம் எடு!"

"எடுக்கிறேன் சார்," என்றார் அக்கா. "ஒன்னே ஒன்னு. ரோட்டுக்குத் தண்ணி ஊத்துனா ரோடு வளருமா?"

ஜெயபாலன் சாலையோர டின்களைப் பார்த்தார்.

"விருந்தாளிங்க மத்தியானம்தான் வர்றாங்க. தண்ணி சுத்துறதப் பாத்துத்தான் படம் பிடிக்கிறாங்க. அத நிறுத்தச் சொல்றியா?"

"விடியக்காலையில விட்டா காத்து இருக்காது சார்," என்றார் சவரி அண்ணன். "பாதி நேரம் போதும். அதுவும் தினம் வேணாம், மூனு நாளுக்கு ஒருக்கா."

"புல்லு செத்துச்சுன்னா?"

அண்ணன் தலையைச் சொறிந்தார். மேலதிகாரியை எதிர்த்து அதுவரை அவர் பேசியதே இல்லை. "பத்து நாள் கொடுங்க சார். இந்த ஐந்தாம் குழி மட்டும். செத்துச்சுன்னா நானே வேலைய விட்டுப் போயிடுறேன்."

டின்னோடு முடியும் என்று அக்கா நினைத்திருந்தார். அது அக்காவே சொன்னது, நான் சேர்க்கவில்லை. வேலையைப் பணயம் வைக்கச் சொல்லி யார் கேட்டது?

5

நான்காம் நாள் புல் மஞ்சளானது.

ஐந்தாம் நாள் இன்னும் மஞ்சளானது. பக்கத்துப் புல்வெளிகள் பச்சையாக இருந்ததால் இது தனியாகத் தெரிந்தது. ஜெயபாலன் வந்து பார்த்துவிட்டுப் போனார். அன்று அண்ணன் விசிலடிக்கவில்லை.

ஆறாம் நாள் வெளிச்சம் வந்தும் வராத நேரம். அண்ணன் திடலுக்குப் போனார். ஐந்தாம் குழிப் பக்கம் யாரோ குனிந்து நிற்பது தெரிந்தது. போய்ப் பார்த்தால் கத்தரின் அக்கா. இடுப்பில் வீட்டுக் குடிதண்ணீர்க் குடம். மஞ்சள் புல்லில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டிருந்தார்.

(இங்கே நான் எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்து நடந்தேன். புருஷன் குளிக்க ஒரு செம்பு கொடுக்காத பெண்! இப்படி ஒரு காட்சியை நான் கற்பனையில் எழுதியிருந்தால் நீங்கள் நம்பியிருக்க மாட்டீர்கள்.)

"என்ன பண்ற?"

"பாத்தா தெரியல?"

"குடிக்க என்ன வச்சிருக்க?"

"வேல போச்சுன்னா குடிச்சு என்ன ஆகப்போவுது!"

அண்ணன் குடத்தை வாங்கிக் கீழே வைத்தார். மஞ்சள் புல்லில் ஒரு பிடியைப் பிடுங்கப் பார்த்தார். வரவில்லை. "நீயும் இழுத்துப் பாரு." அக்கா இழுத்தார். அசையவில்லை. பக்கத்துப் பச்சைப் புல்லை இழுத்தார். பாய் சுருளுவதுபோல் மண்ணோடு வந்தது.

"தினம் மேல ஊத்துனா வேரு மேலயே சோம்பேறியா கெடக்கும். இது தண்ணி தேடிக் கீழ போயிருச்சு. ஊத்தாத கத்தரினு. கெடுத்துராத."

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"அன்னைக்கு எனக்கே தெரியாதே."

இருவரும் சிரித்துக்கொண்டே மிச்சத் தண்ணீரை வீட்டுக்குத் தூக்கிப்போனார்கள்.

6

ஒன்பதாம் நாள் ஈப்போவிலிருந்து ஒரு பல் டாக்டர் ஆட வந்தார். சீனர், வாராவாரம் வருகிறவர். மஞ்சளும் பச்சையுமாகக் கிடந்த ஐந்தாம் குழிப் பாதையைப் பார்த்து முகம் சுளித்தார். பிறகு அடித்தார். ஈரப் புல்லில் விழுந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடும் பந்து, இங்கே துள்ளி விழுந்து, உருண்டு, உருண்டுகொண்டே போயிற்று. அவ்வளவு தூரம் அவர் வாழ்நாளில் அடித்ததில்லையாம். நேராக ஜெயபாலனிடம் ஓடினார். "என்ன செய்தீர்கள் இந்தப் புல்லை? மற்றதையும் இப்படியே செய்யுங்கள்!"

ஜெயபாலன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ஒரு புதிய முறை, டாக்டர்."

அந்த வாரமே எல்லாப் புல்வெளிகளுக்கும் புதிய முறை வந்தது. லயத்துக் குழாயில் மத்தியானமும் தண்ணீர் வந்தது. பெண்கள் குழாயடியில் சண்டை போடுவதைக்கூட நிறுத்திவிட்டார்களாம். (இதை நான் நம்பவில்லை.)

7

முடிவுக்கு வருகிறேன். எனக்குச் சிக்கல் இங்கேதான்.

அடுத்த மாதப் போட்டியில் பல் டாக்டர் ஜெயித்தார். ஞாயிறு மதியம் பரிசளிப்பு. புல்லைப் பார்த்துக்கொள்பவரைக் கூப்பிடச் சொன்னார். சவரி அண்ணன் கையில் மைக்கைக் கொடுத்து, இந்த யோசனை யாருடையது என்று கேட்டார்கள். ஜெயபாலன் ஒரு பக்கம், விருந்தாளிகள் நூறு பேர். வாசலோரம் லயத்துப் பெண்களோடு கத்தரின் அக்கா.

முடிவு ஒன்று, அண்ணன் சொன்னது: "'எம் பொஞ்சாதி கத்தரினோட யோசனை'ன்னு மைக்ல சொன்னேன். எல்லாரும் கை தட்டுனாங்க."

முடிவு இரண்டு, அக்கா சொன்னது: "குட் ஆப்டர்நூன்னு மட்டும் சொல்லிட்டு உக்காந்துட்டாரு."

முடிவு மூன்றாக ஒரு மழையை எழுதி, கிழித்துப்போட்டேன்.

"சத்தியமா சொன்னேன்," என்றார் அண்ணன்.

"எனக்குக் கேக்கலையே," என்றார் அக்கா, தேத்தண்ணிக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டே. "என்ன சொன்னீங்களாம்?"

மூன்று வருஷமாக இந்த வழக்கு நடக்கிறதாம். யார் வந்தாலும் நடக்கிறதாம். அண்ணன் பக்கம் சாட்சி சொல்ல லயத்துப் பெண்கள் வருவதில்லையாம். அக்கா முகத்தில் கோபமும் இல்லை.

உண்மை எது என்று இருவரில் ஒருவரைத் தனியாகக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நீங்களும் கேட்காதீர்கள், வேண்டிய முடிவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நான் எழுந்தபோது, அண்ணன் நாற்காலியைத் தள்ளிவிட்டு நடு ஹாலில், மைக் முன்னால் நிற்பதுபோல நேராக நின்று, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். அக்கா கோப்பைகளைக் கீழே வைத்துவிட்டு, கேட்பதற்குத் தயாராக உட்கார்ந்தார்.