மன்னிப்பு வேண்டாம் என்றவர்

இராணுவத் தலைமையகத்தில் ஆளணி நிர்வாகம் முழுவதும் பிரிகேடியர் அரூஸின் பொறுப்பில் இருந்தது. யாருக்கு இடமாற்றம், யாருக்கு ஓய்வு, யார் தப்பியோடியவர் என்பதெல்லாம் அவர் கையெழுத்தோடுதான் முடியும். ஒரு செவ்வாய்க்கிழமை அவர் மேசைக்கு வந்த கோப்பு, தப்பியோடியவர்களுக்கான பொதுமன்னிப்பை இரண்டு தடவை மறுத்த ஒரு சாரதியினுடையது. பெயர் றொட்னி, ஊர் அம்பிட்டிய.

'நான் ஓடவில்லை. ஓடாதவனுக்கு மன்னிப்பு எதற்கு?' என்று எழுதியிருந்தார்.

வீண் பிடிவாதம், கோப்பை மூடிவிடலாம் என்றார் உதவி அதிகாரி. அரூஸுக்கு எதையும் வாசிக்காமல் மூடிப் பழக்கமில்லை. பக்கங்களைப் புரட்டியபோது மஞ்சளேறிய கடிதம் ஒன்று அகப்பட்டது. மனைவிக்குப் பிரசவம் சிக்கலாகிவிட்டது, இன்னும் பத்து நாள் லீவு வேண்டும் என்று 2008இல் றொட்னி முகாமுக்கு எழுதியது. லீவு முடிவதற்கு நான்கு நாள் முன்பே அது கிடைத்துவிட்டதாக முத்திரை சொன்னது. முத்திரையின் கீழே இருந்த சிறு கையொப்பம் அரூஸுடையது.

அப்போது அவர் றொட்னியின் படையணியில் கப்டன். கடிதங்களும் லீவும் அவர் பொறுப்பு. முகாமை முன்னுக்கு நகர்த்திய வாரம் அது. காகிதங்களைப் பெட்டிகளில் அள்ளிப் போட்டது ஞாபகம் இருந்தது. றொட்னியின் முகம் ஞாபகம் வரவே இல்லை. அதுதான் அவரை உறுத்தியது.

சனிக்கிழமை கெலிஓயாவிலுள்ள வீட்டுக்கு வந்தவர், சாதாரண உடுப்போடு அம்பிட்டியவுக்குப் போனார். றொட்னி வீட்டு வாசலில் முச்சக்கர வண்டியொன்றைக் கழற்றிப் போட்டிருந்தார். அரூஸ் தான் யாரென்று சொன்னார்.

"அந்தக் கடிதம் எனக்குக் கெடச்சது. நான்தான் மேல அனுப்பல்ல."

றொட்னி கையை மெதுவாகத் துடைத்தார். "பத்தாம் நாள் வந்தேன் சார். முகாமே இல்ல. ஓடிப்போனவங்க லிஸ்ட்ல என் பேர் இருக்குன்னாங்க. அப்பத்தான் பயந்து ஒளிஞ்சேன்."

"புள்ள?"

"மூணாம் நாள் போயிருச்சு," என்றார் கதவருகே நின்ற மனைவி நதீஷா.

அரூஸ் தலையைக் குனிந்துகொண்டார்.

"இப்ப சொன்னத எழுதித் தருவீங்களா சார்?" என்று றொட்னி கேட்டார்.

"எழுதுறேன்."

வீட்டில் மனைவி மஸீனாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அடுத்த மாதம் மேஜர் ஜெனரல் பதவிக்கான தெரிவு இருப்பது அவளுக்கும் தெரியும்.

"மன்னிப்புல சேத்து விட்டா அவருக்கும் லேசு, ஒங்களுக்கும் லேசுதானே?"

"அப்ப செய்யாத குத்தம் அவர் பேரிலேயே நிக்குமே."

மஸீனா கொஞ்சம் யோசித்தாள். "எழுதுங்க அப்ப. நான் கல்யாணம் முடிச்சது லெப்டினன்ட் ஒருத்தரத்தானே."

திங்கட்கிழமை தன் பிழையைத் தானே எழுதி, பழைய கடிதத்தையும் இணைத்து மேலிடத்துக்குக் கொடுத்தார். மூன்று மாதம் விசாரணை நடந்தது. தான் தீர்மானித்த எத்தனையோ விசாரணைகளில் மற்றவர்கள் உட்கார்ந்த கதிரையில் இப்போது அவர் உட்கார்ந்து பதில் சொன்னார். கவனக்குறைவு அவருடையதே என்று முடிவாயிற்று. பதவி உயர்வுப் பட்டியலில் அவர் பெயர் வரவில்லை. அதே பதவியிலேயே ஓய்வுபெறும்படி கட்டளை வந்தது. வலிக்கத்தான் செய்தது. ஆனாலும் அன்றிரவு நன்றாகத் தூங்கினார்.

சேவையின் கடைசி வாரத்தில் றொட்னி தொலைபேசியில் அழைத்தார்.

"சார், லிஸ்ட்ல இருந்து பேர எடுத்தாச்சுன்னு கடிதம் வந்திருச்சு. ஆனா அப்பா பேரு பிழை. அந்தோனிக்குப் பதிலா அன்டன்னு அடிச்சிருக்காங்க."

அரூஸ் எழுந்து, கடிதங்களைத் தட்டச்சு செய்யும் லிகிதரின் அறைக்குப் போனார். பதறி எழுந்த அந்தப் பெண்ணை உட்காரச் சொல்லிவிட்டு, திருத்தி அடித்து முடியும்வரை பக்கத்திலேயே நின்றார். ஒவ்வொரு எழுத்தாக வாசித்துப் பார்த்துக் கையெழுத்திட்டார். பின்னேரமே அதைப் பதிவுத் தபாலில் சேர்ப்பித்தார். வெள்ளிக்கிழமை மேசையை ஒப்படைத்துவிட்டுக் கெலிஓயாவுக்குப் புறப்பட்டார்.