இடது பக்கத்துத் தண்ணீர்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் பாத்திரம்தான் பேசும். அன்று காலையும் அலுமினியக் குண்டானைக் கழுவும் தொட்டியில் ணங்கென்று போட்டேன். கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் கலியபெருமாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வலது கை, யாரோ வைத்துவிட்டு மறந்து போன சாமான் மாதிரி மடியில் கிடந்தது.

"இன்னாங்க, பைப்புகிட்ட வர்றீங்களா இல்லியா?"

"வேணாம் அஞ்சு. கை போயிடுச்சு. இனிமே அதுங்கூட மல்லுக்கட்ட என்னால ஆவாது."

"ஆமா, குந்திக்கினே இருங்க. சுவரு வந்து சோறு ஊட்டும்."

வாய் அப்படித்தான் சொன்னது. கை போயிடுச்சு என்று அவர் சொன்ன நாளிலிருந்து நடப்பதையும் விட்டுவிட்டார். எண்ணெய் தேய்க்கப் போனால் கையை இழுத்துக்கொள்கிறார். தட்டில் போட்டதில் பாதி அப்படியே திரும்பி வருகிறது. கை போனால் போகட்டும், இந்த மனுஷன் இப்படியே உட்கார்ந்து உட்கார்ந்து என்னை விட்டுப் போய்விடுவாரோ என்று எனக்குப் பயம்.

சுனாமி வந்துபோன அடுத்த கோடையில், மரக்காணத்து உப்பளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தவர் பாத்தியிலேயே விழுந்தார். வலது பக்கம் முழுக்க இழுத்துவிட்டது. கால் மெல்ல மெல்லத் திரும்பியது. கைதான் அடம் பிடித்தது. "லேசா எதையாவது தினம் தூக்கிப் பழகுங்க" என்றார் ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த அம்மா. எதைத் தூக்குவது? டம்ளர் நழுவியது. கரண்டி நழுவியது.

அப்போதுதான் இவருடைய தங்கை சிவசங்கரி அந்தப் பைப்பைக் கொண்டுவந்தாள். குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் அவள் சமையல் வேலை செய்கிறாள். அங்கே சமையலறையைப் புதுப்பித்தபோது கழற்றிய மிக்ஸர் பைப்பைக் கேட்டு வாங்கி வந்திருந்தாள். திருக வேண்டியதே இல்லை. ஒரே ஒரு கைப்பிடிதான். தூக்கினால் தண்ணீர், அமுக்கினால் நின்றுவிடும். இடது பக்கம் தள்ளினால் சுடுதண்ணீர், வலது பக்கம் தள்ளினால் பச்சைத் தண்ணீர்.

பிளம்பர் தங்கராசு வந்து பொருத்தும்போது தலையைச் சொறிந்தார். "உங்க வூட்ல சுடுதண்ணி லைன் இல்லியேம்மா. ஒரு பக்கத்த அடைச்சிடட்டா?"

"எதுக்கு அடைக்கணும்? எங்க வூட்லயும் ரெண்டு தண்ணி இருக்குதே!" என்றேன்.

இருக்கிறதே. மாடியில் இரண்டு டிரம். ஒன்றில் போர் தண்ணீர், வாயில் வைக்க முடியாத உப்பு, பாத்திரம் கழுவத்தான் ஆகும். இன்னொன்றில் பஞ்சாயத்து நல்ல தண்ணீர். இடது பக்கம் உப்பு, வலது பக்கம் நல்ல தண்ணீர் என்று கொடுக்கச் சொன்னேன். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் முதலில் சிரித்தார்கள். பிறகு, தங்களுக்கும் இப்படி ஒன்று கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

இவருக்கு அந்தப் பைப்பு பிடித்துவிட்டது. தினமும் காலையில் எழுந்ததும் தடியை ஊன்றிக்கொண்டு வந்து நிற்பார். வலது மணிக்கட்டைக் கைப்பிடிக்குக் கீழே கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு மேலே நெம்புவார். பொங்கல் வாக்கில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. மாசியில் நூல் போல ஓடியது. அன்றைக்கு இவர் போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக்காரி ஓடி வந்துவிட்டாள். அதற்குப் பிறகு என்ன ஆனதோ, பங்குனியில் மறுபடி சொட்டு. சித்திரையில் அதுவும் இல்லை. தன் கை செத்துக்கொண்டு வருகிறது என்று அந்தப் பைப்பே இவருக்குச் சொல்லிவிட்டது.

குண்டானை ணங்கென்று போட்ட அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சிவசங்கரி வந்தாள். மீன் குழம்போடு சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனவள் உள்ளேயிருந்து கத்தினாள். "அண்ணி! இன்னா இது, பைப்பு நவுரவே மாட்டேங்குது?"

"சோறு துன்றியா இல்லியாடி நீ?" என்று சொல்லிக்கொண்டே போய் ஒரு கையால் தூக்கினேன். தண்ணீர் வந்தது. "இதோ, வருது பாரு."

மூடிவிட்டு அவளைத் தூக்கச் சொன்னேன். ஒரு கையால் பார்த்தாள். இரண்டு கையாலும் தொங்காத குறையாகப் பார்த்தாள். முகம் சிவந்ததுதான் மிச்சம். "எப்பலேர்ந்து அண்ணி இப்பிடி இருக்குது?"

எனக்குச் சுரீரென்றது. எப்போதிலிருந்து? எனக்கு எப்படித் தெரியும்? சின்ன வயதிலிருந்து உப்பு வாரும் பலகையை இழுத்து இழுத்துக் காய்த்துப் போன கை இது. உப்பளத்துக்காரிக்கு இறுக்கமாவது, இளக்கமாவது! பைப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டே போயிருக்கிறது, நானும் தினமும் கொஞ்சம் கூடுதலாக நெம்பிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

கூடத்துக்கு ஓடினேன். "ஏங்க! உங்க கை போவல! பைப்புதான் டைட்டாயிடுச்சு!"

அவர் என்னையும் பார்த்தார், பின்னால் நின்ற தங்கையையும் பார்த்தார். "நான் மனசு ஒடஞ்சி கெடக்கறன்னு ரெண்டு பேருமா சேந்து நாடகம் ஆடாதீங்க" என்று மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வாடி, கழட்டுவோம்" என்றேன் சிவசங்கரியிடம்.

கெஸ்ட் ஹவுஸில் பிளம்பர் இதே பைப்பைப் பிரித்துப் பூட்டும்போது அவள் பக்கத்திலேயே நின்று பார்த்திருக்கிறாள். தொட்டிக்குக் கீழே இருந்த இரண்டு வால்வையும் மூடினோம். கைப்பிடியில் இருந்த சிவப்பும் நீலமுமான சின்னப் பொட்டைக் கத்தி முனையால் பெயர்த்தால், உள்ளே ஆழத்தில் ஒரு குட்டி ஸ்க்ரூ. அதற்கு வேண்டிய எல் வடிவச் சாவியை சைக்கிள் கடையில் கெஞ்சி வாங்கி வந்தேன். கைப்பிடி கழன்றது. மேல்மூடி கழன்றது. அதற்கடியில் ஒரு பித்தளை நட்டு, அதை ஸ்பேனர் போட்டுத் திருக என் கை பலமே போதுமாக இருந்தது. கடைசியாகப் பச்சைக் கத்திரிக்காய் அளவில் ஒரு பிளாஸ்டிக் சாமான் வெளியே வந்தது.

"இதான் அண்ணி இதோட உசுரே" என்றாள் சிவசங்கரி. "கார்ட்ரிட்ஜ்."

சுற்றிலும் வெள்ளையாகப் பொருக்கு. எனக்குத் தெரியாத பொருக்கா? பாத்தி ஓரத்தில் வருஷம் பூராவும் பார்க்கிறேனே. போர் தண்ணீர் வரும் பக்கத்தில் மட்டும் அது கல்லாகவே படிந்திருந்தது. அடி மூடியை நெம்பி எடுத்தோம். உள்ளே வழவழவென்று இரண்டு பீங்கான் வில்லைகள், ஒன்றின் மேல் ஒன்று.

பிரித்துப் பார்க்கலாம் என்று இழுத்தேன். வரவில்லை. என் கை இழுத்து வரவில்லை! பசை கிடையாது, ஆணி கிடையாது, நடுவில் ரப்பர்கூடக் கிடையாது. பக்கவாட்டில் லேசாகத் தள்ளினால் மட்டும் எண்ணெயில் வழுக்குவது போல நகர்ந்தது. இரண்டுக்கும் முகம் அவ்வளவு சமம். நடுவில் காற்று நுழையக்கூட இடமில்லாத சமம்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மாடியிலிருந்து இறங்குகிற அத்தனை தண்ணீரையும் இந்த இரண்டு வில்லைதானா பிடித்து நிறுத்துகிறது? உப்புத் தண்ணீரும் நல்ல தண்ணீரும் ஒன்றுக்கொன்று தெரியாமல் இதற்குள்தானா பக்கத்துப் பக்கத்தில் காத்திருக்கிறது? வாழ்நாள் பூராவும் கடல் தண்ணீரைப் பாத்தியில் கட்டி, வரப்பு வரப்பாக மிதித்து வந்தவள் நான். உள்ளங்கையில் அடங்குகிற இத்தனூண்டு சாமானைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். சிவசங்கரி சிரித்தாள். சிரிக்கட்டும். இதைச் செய்த மகராசன் யாரோ, எந்த ஊரோ, அவன் கை நன்றாக இருக்க வேண்டும்.

எலுமிச்சைச் சாற்றில் எல்லாவற்றையும் ஊற வைத்தோம். பொருக்கு நுரைத்து நுரைத்து இளகியது. பழைய பிரஷ்ஷால் தேய்த்து நல்ல தண்ணீரில் அலசி, மோட்டார் கடையில் வாங்கிய வெள்ளை சிலிகான் கிரீஸைப் பட்டும் படாமலும் தடவி, எந்தப் பக்கம் எப்படி இருந்ததோ அப்படியே வைத்துப் பூட்டினோம். ஒரு ரப்பர் வளையத்தை மறந்துவிட்டு மறுபடி முழுக்கக் கழற்றியதைச் சொல்ல வேண்டாம் என்று பார்த்தேன், சொல்லிவிட்டேன்.

"வாங்க" என்றேன் கூடத்துக்குப் போய்.

"வேணாம்."

"ஒரே ஒரு வாட்டி."

"வேணாம்னா வுடேன் அஞ்சு. இதுவரிக்கும் பட்டது பத்தாதா?" மறுபடியும் தோற்றால் தாங்க மாட்டோம் என்று அவருக்குப் பயம். அது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் கோபம்தான் வந்தது. நாற்காலியோடு இழுத்து, சமையலறை வாசலில் போட்டேன்.

"யோவ், நீ தூக்க வேணாம். நான் தொறக்கறத கண்ணால பாரு, போதும்" என்று கத்திவிட்டு, பழைய வேகத்திலேயே கைப்பிடியை நெம்பினேன்.

கை மேலே பறந்தது. தண்ணீர் பொங்கிச் சீறி, தொட்டியில் கிடந்த குண்டானில் மோதி என் முகத்தில் அடித்தது. புடவை, சுவர், அடுப்பு, அடுக்கி வைத்த அப்பளம், எல்லாம் போச்சு. "ஐயய்யோ!" என்று தடுமாறி மூடினேன். சிவசங்கரி விழுந்து விழுந்து சிரித்தாள்.

அவளைத் தாண்டி இன்னொரு சிரிப்பு கேட்டது. எத்தனை மாதமாகக் கேட்காத சிரிப்பு! திரும்பினேன். சிரித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார். என் கையைப் பார்த்தார், பைப்பைப் பார்த்தார்.

"மெய்யாலுமே டைட்டாதான் இருந்துச்சா?" என்றார்.

தடியை ஊன்றி அவராகவே எழுந்து வந்தார். வலது கையை இடது கையால் தூக்கி வைக்கப் போனவர், வேண்டாமென்று விட்டுவிட்டார். அந்தக் கை தானாகத் தொட்டி விளிம்பில் ஏறியது. விரல்கள் ஒவ்வொன்றாக ஊர்ந்து கைப்பிடிக்குக் கீழே போயின. மணிக்கட்டு எழும்பியது. கைப்பிடியும் கூடவே எழும்பியது.

தண்ணீர் வந்தது. நூலாக இல்லை, விரல் தடிமனுக்கு. அவர் அமுக்கினார், நின்றது. தூக்கினார், வந்தது. செத்துப் போய்விட்டது என்று நாங்கள் அழுத கை, எங்கள் கண் முன்னால் தண்ணீரைத் திறந்து திறந்து மூடுகிறது. சாமி வந்து நின்றிருந்தால்கூட நான் அப்படி நடுங்கியிருக்க மாட்டேன்.

இடது கையால் டம்ளரை எடுத்து நீட்டி, வலது கையால் கைப்பிடியைத் தூக்கினார். அந்தக் கைக்கு இன்னும் உள்பக்கம்தான் இழுக்கத் தெரியும். கைப்பிடி மெல்ல இடது பக்கம் சாய்ந்ததை நான் பார்த்தேன், சிவசங்கரியும் பார்த்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் அவள் காலை மிதித்தேன்.

நிரம்பிய டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து என்னிடம் நீட்டினார். "குடி அஞ்சு. என் கையால புடிச்சது."

வாயில் வைத்ததுமே நாக்கு சுருங்கியது. போர் தண்ணீர், அசல் உப்பு. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, டம்ளரை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

"இன்னொரு டம்ளர் புடிங்க" என்றேன்.