பதினெட்டடி, முப்பதடி

படகுத் தரகர் இரண்டு பாய்மரப் படகுகளையும் அடுத்தடுத்துக் கட்டி வைத்திருந்தார். ஒன்று பதினெட்டடி, மற்றது முப்பதடி.

"சாருக்குப் பெரிசு மேலதான் கண்ணு" என்றவர், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

என் கணவர் போய் எட்டு மாதம் ஆகிறது. அவர் பேச்சை எடுத்துவிட்டு நாக்கைக் கடிப்பவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. "பரவாயில்லைங்க" என்றேன். இப்போதெல்லாம் எனக்கு எல்லாமே பரவாயில்லைதான். பசி நேரத்துக்கு வருகிறது, தூக்கமும் வருகிறது, அழுகை மட்டும் வரவில்லை. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை எனக்கு. இந்த எட்டு மாதத்தில் ஒன்றுகூட உடையவில்லை. 'கல்லாட்டம் இருக்கா' என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டதும் காதில் விழுந்தது. பேசட்டும், அவர்கள் வாயை நானா மூட முடியும்?

கூட வந்தது என் நாத்தனார், அவருடைய அக்கா. தண்ணீர் என்றாலே பயம். உயிர்காப்புச் சட்டையை வீட்டிலேயே மாட்டிக்கொண்டு, பஸ்ஸில் அத்தனை பேர் பார்க்க, அப்படியே வந்தார்.

"என்ன பாக்குற? வெள்ளம் வரதுக்கு முன்னாடி அணை போடணும்" என்றார்.

எங்கள் பழைய படகை விற்ற பிறகு இதே இரண்டை வைத்துத்தான் எனக்கும் கணவருக்கும் சண்டை. அவருக்குப் பெரியது வேண்டும். உள்ளே இரண்டு படுக்கை, சின்ன அடுப்பு, நாள்கணக்கில் சுற்றலாம். ஆனால் ஓட்ட இரண்டு பேர் வேண்டும். எனக்குச் சின்னது. எல்லாக் கயிறும் உட்கார்ந்த இடத்திலேயே கைக்கு எட்டும். "இத்துனூண்டு படகு எதுக்கு உனக்கு?" என்று சாப்பாட்டு மேசையில் கிண்டல் செய்தார். எனக்குச் சுருக்கென்றது. "நீங்க இல்லாமப் போனாலும் நான் ஓட்டணும்ல?" என்றேன். அதிலிருந்து பதினோராம் நாள் காலையில் ஷூ மாட்டப் படிக்கட்டில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

பெரியதை வாங்கினால் அவர் ஆசை நிறைவேறும். ஆனால் ஒற்றை ஆளாக என்னால் அதை அசைக்க முடியாது, கட்டின இடத்திலேயே பாசி பிடிக்கும். சின்னதை வாங்கினால் நான் சொன்னது அப்படியே நடந்தது என்றாகிவிடும். அப்படிச் சொன்ன வாய்க்குப் பரிசாக ஒரு படகு.

முதலில் பெரியதில் ஏறினேன். இரண்டு படுக்கையிலும் மாறி மாறி உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. இறங்கிவிட்டேன்.

பிறகு சின்னதில் ஏறினோம். முன்பலகையில் நாத்தனார், பின்னால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு நான். "பலகையா இது, பாறாங்கல்லா?" என்று அவர் ஆரம்பித்தார். காற்று நன்றாக இருந்தது. படகு சொன்ன பேச்சைக் கேட்டது.

பாயைப் பக்கம் மாற்றும்போது அதன் அடிக்கட்டை படகின் குறுக்கே வீசும். குனியாவிட்டால் மண்டை உடையும். அதனால் இருபது வருடமாகக் கணவருக்கும் எனக்கும் ஒரு வழக்கம் உண்டு. சுக்கான் பிடிப்பவர் "திருப்பட்டுமா?" என்று கேட்க வேண்டும். மற்றவர் "ம்" சொன்ன பிறகுதான் திருப்ப வேண்டும். எத்தனை சண்டை போட்டிருந்தாலும், பேசாமல் இருந்த நாட்களிலும்கூட, அந்த ஒரு "ம்" வந்துவிடும்.

அலைதடுப்புக் கற்கள் நெருங்கின. "திருப்பட்டுமா?" என்று கேட்டேன். கேட்டுவிட்டுக் காத்திருந்தேன்.

கற்கள் பெரிதாகிக்கொண்டே வந்தன. கரையிலிருந்து தரகர் "மேடம், திருப்புங்க!" என்று கத்தியது நன்றாகவே கேட்டது. ஆனாலும் காத்திருந்தேன்.

"அடியே, கல்லுடி!" என்று அலறிக்கொண்டு நாத்தனார் படகின் தரையில் விழுந்தார். கை தானாகச் சுக்கானைத் தள்ளியது. கட்டை அவருக்கு மேலாக வீசிப் போனது. படகின் விலா கல்லில் உரசிக்கொண்டு விலகியது. கொஞ்ச தூரம் தள்ளி, பாய் படபடக்க, படகு சும்மா மிதந்தது.

"யாரைக் கேட்டுட்டு உக்காந்திருந்த?"

"அவரை."

இவ்வளவு சொன்ன பிறகு மீதியை ஏன் மறைக்க வேண்டும்? சாப்பாட்டு மேசையில் சொன்னதைச் சொன்னேன். பதினோரு நாளையும் சொன்னேன். சமையல் குறிப்பு ஒப்பிப்பது போலத்தான் சொன்னேன்.

நாத்தனார் தரையிலிருந்து எழுந்து பலகையில் உட்கார்ந்தார்.

"சொன்னதெல்லாம் பலிக்கும்னா, என் மாமியார் முப்பது வருசத்துக்கு முன்னாடியே போய்ச் சேந்திருக்கணும். நான் விடாத சாபமா? இன்னிக்குக் காலைலகூட காப்பில சக்கரை பத்தலைன்னு என்னைக் கத்திட்டுத்தான் உக்காந்திருந்தாங்க."

நான் நழுவின கயிற்றைத் தேடி எடுத்தேன்.

"இதையா எட்டு மாசமா உள்ள போட்டு மென்னுட்டிருந்த? பைத்தியம். சரி, இப்ப கரைக்கு எப்படிப் போறது?"

"இன்னொரு தடவை திருப்பணும். நான் கேட்டதும் நீங்க 'ம்' சொல்லணும்."

"நான் ஏண்டி சொல்லணும்? எனக்கு என்ன தெரியும்?"

"சொல்லாம என்னால திருப்ப முடியலைக்கா."

பாய் காற்றைப் பிடித்தது. "திருப்பட்டுமா?" என்று கேட்டேன்.

இரண்டு கையாலும் பலகையை இறுகப் பிடித்து, கண்ணை மூடி, தலையைக் குனிந்து நாத்தனார் சொன்னார்: "ம்."

மூக்கால் வந்த "ம்". பாதி எரிச்சல், பாதி சம்மதம். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் இல்லையா, அச்சு அசலாக அவர் குரல். படகைத் திருப்பினேன். எட்டு மாதமாக வராதது அப்போதுதான் வந்தது. ஒரு கையில் சுக்கான், மறு கையில் கயிறு, கண்ணைத் துடைக்கக்கூட வழியில்லை. வழிய விட்டபடியே கரைக்கு ஓட்டி வந்தேன்.

தரகர் உரசின இடத்தைக் குனிந்து தடவிப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்ததும் அதைப் பற்றிப் பேசாமல் விட்டுவிட்டார்.

"எதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா மேடம்?"

"சின்னது" என்றேன்.

நாத்தனார் உயிர்காப்புச் சட்டையைக் கழற்றாமலே பின்னாலிருந்து குரல் கொடுத்தார். "அந்த முன்பலகைல ஒரு மெத்தை போட்டுத் தரச் சொல்லு."