அம்மாவின் இடது கைப் பக்கம்

"பக்கவாட்டுப் படம் மட்டும் போதும்மா, ரெண்டையும் சேர்த்துக் குழப்பிக்காதே. வெள்ளிக்கிழமைக்குள்ள எதுவும் வரலேன்னா தலைப்பையே மாத்திடலாம்" என்றார் என் ஆய்வு வழிகாட்டி வீரராகவன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று வருட உழைப்பைச் சட்டை மாற்றுகிற மாதிரி மாற்றச் சொல்கிறார்.

பழவேற்காடு ஏரியின் முகத்துவாரத்து மடவை மீனும் வடகரை மடவையும் உடல்வாகில் வேறு வேறு என்பது என் கட்சி. ஒவ்வொரு மீனையும் பக்கவாட்டில் ஒரு படம், முதுகுப் பக்கம் ஒரு படம் எடுத்து, கண், வாய், துடுப்பு என்று புள்ளி வைத்துக் கணினியில் ஒப்பிட வேண்டும். முதுகுப் படத்துக்கு மட்டும், ஒவ்வொரு தட்டு மீனையும் அம்மா மணலில் வரிசையாக நிற்க வைக்க, மேலிருந்து ஒரே படமாக எடுத்தேன். இந்தப் படிப்புக்கு முன்னால் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வார்ப்பு உலோகப் பாகங்களைச் சோதித்தவள் நான். மேலிருந்து பார்த்தால் லட்சணமாக இருக்கும். பக்கத்திலிருந்து பார்த்தால் பல்லிளிக்கும். ஒரு பக்கம் மட்டும் பார்த்து எதையும் நம்ப மாட்டேன்.

ஆனால் கணினி என்னை நம்பவில்லை. இரண்டு படங்களையும் சேர்த்தபோதும் இரண்டு இடத்து மீனும் ஒன்றோடொன்று கலந்தே கிடந்தன.

வியாழக்கிழமை சாயந்திரம் வீட்டில் எரிச்சலோடு படங்களைப் புரட்டினேன். வால் கிழிந்த மடவை ஒன்று பக்கவாட்டுப் படங்களில் அந்தத் தட்டின் முதல் மீன். முதுகுப் படத்திலோ வரிசையின் கடைசியில் நின்றது! படத்தின் மேல் விளிம்பில் அம்மாவின் வளையல் கை.

"யம்மா, மீன மணல்ல நிக்க வெச்சியே, எந்தப் பக்கத்துலேர்ந்து வெச்ச?"

அம்மா எல்லம்மா வலையிலிருந்து நண்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள். "இன்னாடி கேள்வி இது? எதிர்ல நின்னுகினு, நீ குடுக்கக் குடுக்க என் இடது கைப் பக்கத்துலேர்ந்து அடுக்கினேன்."

அவளுடைய இடது எனக்கு வலது. நான் பாட்டுக்கு என் இடது பக்கத்திலிருந்து எண் போட்டிருக்கிறேன். ஒரு மீனின் பக்கவாட்டுக்கு இன்னொரு மீனின் முதுகை ஒட்டிக் கொடுத்தால் கணினி என்ன செய்யும், பாவம்.

மற்ற தட்டுகளிலும் மீன்களின் நீளத்தை ஒத்துப் பார்த்தேன். எல்லாமே தலைகீழ். வரிசையைத் திருப்பி ஓடவிட்டேன். திரையில் புள்ளிகள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து நின்றன. முகத்துவாரத்து மீனுக்கு உடல் உயர உயர முதுகும் அகலமாகிறது. வடகரை மீனுக்கு ஒடுங்குகிறது. தனித்தனிப் படத்தில் இது தெரியவே தெரியாது. நான் கத்திய கத்தலில் அம்மா நண்டைக் கீழே போட்டுவிட்டாள்.

மறுநாள் முடிவைச் சொன்னதும் வீரராகவன் தட்டுப் படங்களையும் கேட்டார். துறையின் பெரிய திரையில் எல்லோர் முன்னாலும் காட்டினேன். ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்.

"தலைப்பு இதேதான். ரெண்டு பக்கத்தையும் சேர்த்தே எழுது" என்றவர், "அந்தக் கை யாரோடதும்மா?" என்றார்.

"எங்கம்மா சார்."

வெளியே வந்ததும் அம்மாவுக்கு போன் போட்டேன். "தலைப்ப மாத்தலம்மா! ரெண்டும் வேற வேறதான்!"

"அது சரி, என் கை வந்துச்சுன்னியே, வெட்டிட்டியா?"

"எதுக்கு வெட்டணும்? அத வெச்சுதானே ஜெயிச்சேன். எல்லாரும் பாத்தாங்க."

அம்மா போனைக் காதில் வைத்துக்கொண்டே பக்கத்திலிருந்தவளிடம் சொல்வது கேட்டது: "கெங்கம்மா, எம் பொண்ணு ஜெயிச்சிட்டாடி. அந்தப் படத்துல கீறது என் கைதான்."